திரி எதனால் ஆனது? பொயி வாங்குவோருக்கான கேள்வி – பதில்

கயிற்றின் நுனியில் ஓர் உருண்டையைக் கட்டி, கைக்கொன்றாகப் பிடித்துச் சுழற்றி ஆடும் கலை நியூசிலாந்தின் மாவோரி மக்களுடையது. அவர்கள் மொழியில் உருண்டையைக் குறிக்கும் சொல்லே அதற்குப் பெயர். அந்தச் சொல்லை ஒலிக்கிறபடியே தமிழில் எழுதினால் வேறொரு பொருள் வந்துவிடுவதால், இங்கே ‘பொயி’ என்று எழுதுகிறேன். சம்பங்கோரை இனத்தைச் சேர்ந்த ராவுப்போ இலையால் உருண்டை செய்து ஆடுவது அவர்களுடைய மரபு. நுனியில் எண்ணெயில் நனைத்த துணித் திரியைக் கட்டி, தீ வைத்துச் சுழற்றுவது பின்னர் வந்த சேர்க்கை. இப்போது பல நாடுகளில் பொழுதுபோக்காகப் பயிலப்படுவதும், இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கேட்பதும் இந்தத் தீப் பொயியைப் பற்றித்தான்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் கோவாவின் ஆரம்போல் கடற்கரையில் இந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத் தானும் கற்க விரும்புகிறாள். இணையத்தில் ஒரு கடையில் ‘தீப்பிடிக்காத திரி’ என்று மட்டும் குறிப்பிட்டு ஒரு சோடி விற்கிறார்கள். மற்றொரு கடையில் கேவ்லார் திரி என்று சொல்லி, ஏறத்தாழ இரு மடங்கு விலை கேட்கிறார்கள். இரண்டும் படத்தில் ஒன்றுபோலவே தெரிகின்றன. எதை வாங்குவது? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: விலையை ஒப்பிடுவதற்கு முன், முதல் கடைக்காரரிடம் திரி எந்த இழையால் நெய்யப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். ‘தீப்பிடிக்காத’ என்பது ஒரு பொருளின் பெயரன்று. கண்ணாடி இழை, கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்), வேதிப்பூச்சு பூசிய பருத்தி ஆகிய எதையும் அந்த ஒரு சொல்லால் விற்றுவிட முடியும். இந்தக் கேள்விக்கு நேரான விடை தராத விற்பனையாளரிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், தீப் பொயி வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

நீங்கள் எதிர்பார்க்க வேண்டிய விடை ‘பாரா-அராமிட்’ என்பதாகும். கேவ்லார் என்பது அந்த வகை இழைக்கு டூபான்ட் நிறுவனம் இட்ட வணிகப் பெயர். அந்நிறுவனத்தின் வேதியியலாளர் ஸ்டெபனி குவோலெக் அதை 1965இல் கண்டறிந்தார். நைலானும் பாலியெஸ்டரும் சூட்டில் உருகிச் சொட்டும். அராமிட் உருகாது, மிக உயர்ந்த வெப்பத்தில் கருகிச் சிதையும். உருகிய சொட்டு தோலில் ஒட்டிக்கொண்டு எரியும் என்பதால் இந்த வேறுபாடு உயிர் காக்கும் வேறுபாடு. பருத்தியோ கண்ணாடி இழையோ கலந்து நெய்த அராமிட் நாடாக்களும் உண்டு. கண்ணாடி இழை மிகுந்தவை விரைவில் பொடிந்து கையில் அரிப்பை உண்டாக்கும். அராமிட்டின் இயல்பான நிறம் பொன்மஞ்சள். ஆனால் நிறம் மட்டும் சான்றாகாது. பொருள் வந்து சேர்ந்ததும் ஓரத்திலிருந்து ஒரே ஒரு நூலை உருவி, இடுக்கியால் பிடித்துத் தீக்குச்சிச் சுடரில் காட்டிப் பாருங்கள். கருகி, சுடரை விலக்கியதும் அணைந்துவிட்டால் நல்லது. உருகி மணியாகத் திரண்டாலோ, தொடர்ந்து எரிந்து சாம்பலானாலோ அது அராமிட் அன்று. கல்நாராக இருக்குமோ என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும் இந்தச் சோதனையையே செய்யாதீர்கள். நூலைப் பிரிப்பதுதான் அதில் ஆபத்து. ஏன் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

திரிக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியவை இணைப்புகள். 60 சென்டிமீட்டர் நீளச் சங்கிலியை நொடிக்கு இரண்டு சுற்று வீதம் சுழற்றினால் நுனியில் ஏற்படும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 10 மடங்கு. 250 கிராம் எடையுள்ள திரியுருண்டை அந்த வேகத்தில் சுமார் இரண்டரைக் கிலோ எடையின் இழுவிசையோடு சங்கிலியை இழுக்கும். எரிந்துகொண்டிருக்கும் உருண்டை பிடுங்கிக்கொண்டு பறப்பதற்கு இந்தக் கணக்கில் வலுவற்ற ஒரே ஒரு வளையம் போதும். சில ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய ஒரு சோடியில் உருண்டையைச் சாவிக்கொத்து வளையத்தால் கோத்திருந்தார்கள். தீயில்லாமல் பயிற்சி செய்துகொண்டிருந்த மூன்றாம் நாளே அது விரிந்து, உருண்டை சுவரில் மோதியது. ஆகவே சங்கிலிக் கண்ணிகள் பற்றவைக்கப்பட்டவையா, திரியின் நடுவே முழு நீளத்துக்கும் மரை ஆணி செல்கிறதா, அதன் நட்டு தானாகக் கழலாத வகையைச் சேர்ந்ததா, சங்கிலி முறுக்கிக்கொள்ளாமல் இருக்கச் சுழல் இணைப்பு இருக்கிறதா என்று நான்கையும் கேட்டுவிடுங்கள். முறுக்குக் கண்ணிச் சங்கிலி தலைமுடியையும் துணியையும் கவ்வும். உள்ளூரில் நாய்ச்சங்கிலி வாங்கிச் செய்துகொள்வோர் இதைக் கவனிப்பதில்லை. நீளத்துக்கு ஒரு எளிய அளவு உண்டு: கையைத் தோள் உயரத்தில் பக்கவாட்டில் நீட்டினால், உள்ளங்கையிலிருந்து அக்குள் வரை உள்ள நீளம் தொடக்கநிலையினருக்குப் போதும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இப்போதைக்கு இரண்டு கடைகளிலும் வாங்க வேண்டாம் என்று சொல்வதற்காக என்னை மன்னிக்க வேண்டும். முழங்கால் வரை வரும் இரண்டு நீளக் காலுறைகளையும், அவற்றின் விரல் நுனியில் போட இரண்டு டென்னிஸ் பந்துகளையும் வாங்கிக் கொடுங்கள். சில மாதங்களாவது உங்கள் மகள் அவற்றைச் சுழற்றட்டும். தொடக்கத்தில் எல்லோரும் தம் தலையிலும் முதுகிலும் அடித்துக்கொள்வது வழக்கம். பந்து ஒருமுறைகூட உடம்பில் படாமல் ஐந்து நிமிடம் தொடர்ந்து ஆட முடிகிற நிலை வந்த பிறகு தீப் பொயியைப் பற்றிப் பேசலாம். முதன்முறை தீ ஏற்றும்போது, அனுபவமுள்ள ஒருவர் ஈரமான கனத்த பருத்தித் துண்டோடு அருகில் நிற்க வேண்டும்.

கேள்வி: நான் சிலம்பம் கற்பவன். எங்கள் ஊர்த் திருவிழாவில் கம்பின் இரு முனைகளிலும் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக் கம்பியால் கட்டி, மண்ணெண்ணெயில் நனைத்துத் தீப்பந்தம் சுற்றுவோம். பொயிக்கும் அதே துணி போதாதா? அல்லது ஹார்டுவேர் கடையில் அடுப்பு வேலைக்கு விற்கும் கல்நார் கயிற்றைப் பயன்படுத்தலாமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: கல்நார் கயிறு எந்த நிலையிலும் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் என்று நாம் வழக்கமாகச் சொல்வதுதான் கல்நார். அதன் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகக் கூறியிருக்கிறது. நுரையீரல் புற்றுநோயும், நுரையீரலைச் சூழ்ந்த சவ்வில் வரும் மீசோதீலியோமாவும் அந்த நுண்ணிழைகளைச் சுவாசித்துப் பல பத்தாண்டுகள் கழிந்த பிறகு தலைகாட்டும் என்பதால், இன்று இருமல்கூட வரவில்லையே என்று எவரும் ஆறுதல் கொள்ள முடியாது. ஆஸ்திரேலியா 2003ஆம் ஆண்டின் இறுதியிலேயே அதை முற்றாகத் தடை செய்தது. இந்தியாவிலோ வெள்ளைக் கல்நாரின் இறக்குமதியும் பயன்பாடும் இன்னும் தொடர்கின்றன. ஆகவே அது கடையில் தடையின்றிக் கிடைக்கிறது என்பதைப் பாதுகாப்புக்கான சான்றாகக் கொள்ளாதீர்கள். கொதிகலனின் மூடிக்குள் அசையாமல் கிடக்கும் கயிற்றையே ஆபத்து என்று சொல்லும்போது, அதை முகத்துக்கு அருகில் வேகமாகச் சுழற்றித் தரையில் மோதவிடுவது இழைகளை நாமே காற்றில் தூவுவதற்குச் சமம். இப்போது கல்நாருக்கு மாற்றாக விற்கப்படும் வெண்ணிறச் செராமிக் இழைக் கயிறும் வேண்டாம். அதன் தூசியும் நுரையீரலுக்கு ஆகாதது. உங்களிடம் ஏற்கெனவே கல்நார் திரி இருந்தால் அதைப் பிரிக்கவோ வெட்டவோ செய்யாமல், நனைத்து, இரண்டு கனத்த பிளாஸ்டிக் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாக இட்டுக் கட்டி, மேலே எழுதி ஒட்டி, அபாயக் கழிவாக ஒப்படையுங்கள்.

வேட்டித் துணியைப் பொறுத்தவரை, கம்பில் கட்டுவதும் சங்கிலியில் கட்டுவதும் வேறு வேறு. பருத்தித் துணியில் எண்ணெய் இருக்கும்வரை எரிவது பெரும்பாலும் எண்ணெயின் ஆவிதான். எண்ணெய் குறையத் தொடங்கியதும் துணியே எரிந்து இற்றுப்போகிறது. கம்பில் இறுக்கிக் கட்டிய துணிக்குக் கட்டையின் பிடிமானம் உண்டு. சங்கிலி நுனியில் தொங்கும் துணியுருண்டைக்கு அது இல்லை. மேலே சொன்ன 10 மடங்கு இழுப்பு கருகிய துணியைக் கங்குத் துண்டுகளாகப் பிய்த்துக் கூட்டத்தின்மேல் எறியும். உங்கள் ஆசானிடம் பேசிச் சிலம்பப் பந்தத்துக்கும் அராமிட் நாடாவையே வாங்கிக்கொள்ளுங்கள். நாடாவை மீட்டர் கணக்கில் வாங்கி, ஒரு குழுவாகப் பகிர்ந்துகொண்டால் செலவு தாங்கக்கூடியதாக இருக்கும். சுடர் சிறுத்ததும் எண்ணெய் முழுவதும் தீர்வதற்கு முன்பே அணைத்துவிட்டால் அது நெடுங்காலம் உழைக்கும். வெயிலில் காயப் போடாதீர்கள். சூரிய ஒளி அராமிட்டை நலிவடையச் செய்யும்.

கேள்வி: எந்த எரிபொருளை வாங்குவது? பெட்ரோல் சட்டென்று பற்றும் என்கிறார்கள். நண்பர் ஒருவர் சானிடைசர் ஸ்பிரிட் போதும் என்கிறார். (வாசகி, புதுச்சேரி)

பதில்: சட்டென்று பற்றுவதுதான் பெட்ரோலை விலக்க வேண்டிய காரணம். ஓர் எண்ணெயின் ஆவி எந்த வெப்பநிலையிலிருந்து பற்றக்கூடியதாகிறதோ, அதைத் தீப்பற்று நிலை என்பார்கள். பெட்ரோலுக்கு அது பூச்சியத்துக்குக் கீழே சுமார் 40 பாகை செல்சியஸ் என்பதால், திறந்த டப்பாவைச் சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாத ஆவி எப்போதும் பற்றக் காத்திருக்கும். தின்னரும் ஸ்பிரிட்டும் சாதாரண அறை வெப்பத்திலேயே பற்றக்கூடியவை. மேலும் ஸ்பிரிட்டின் சுடர் வெளிச்சத்தில் பெரும்பாலும் தெரியாது என்பதால், ஆடை எரிவது சுட்ட பிறகுதான் புரியும்.

நம் ஊரில் கிடைப்பவற்றுள் மண்ணெண்ணெய் ஒப்பீட்டளவில் ஏற்கத்தக்கது. அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. இந்தியத் தர அளவுகோல் மண்ணெண்ணெய்க்கு வைத்திருக்கும் குறைந்தபட்சத் தீப்பற்று நிலை 35 பாகைதான். சித்திரை, வைகாசியில் வெயிலில் வைத்த டப்பா அதைத் தாண்டிவிடும். ஆகவே நிழலில் வைத்து, பொழுது சாய்ந்த பிறகே திறக்க வேண்டும். விளக்குக்கென விற்கப்படும் சுத்திகரித்த பாரபின் எண்ணெயில் 60 பாகைக்கு மேல் தீப்பற்று நிலை அச்சிட்டிருப்பதைக் கண்டால், விலை கூடுதலானாலும் அதையே வாங்குங்கள். புகையும் நாற்றமும் குறைவு. நியாயவிலைக் கடையில் தரப்படும் நீல நிற மண்ணெண்ணெய் வீட்டுச் சமையலுக்கும் விளக்குக்கும் என்று ஒதுக்கப்பட்டது. அதை ஆட்டத்துக்குத் திருப்புவது முறையன்று.

வாங்கியதைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். நம் நாட்டில் குழந்தைகள் மண்ணெண்ணெய் குடித்து மருத்துவமனைக்கு வருவதற்குப் பெருங்காரணம் அந்த ஒரு பழக்கம். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும், ஏனெனில் வாந்தியோடு அது நுரையீரலுக்குள் புகும். வாயில் எண்ணெய் வைத்துத் தீ ஊதும் வித்தையிலும் இதே ஆபத்து இருப்பதால், அதற்கான எண்ணெயைப் பரிந்துரைக்கும்படி கேட்டிருந்த மற்றொரு வாசகருக்கு என்னால் எதையும் பரிந்துரைக்க இயலாது. ரயிலிலும் விமானத்திலும் எரிபொருளை எடுத்துச் செல்லக் கூடாது. எண்ணெய் ஊறிய திரியும் விமானச் சோதனையில் சிக்கலைத் தரும்.

கேள்வி: தீ வேண்டாம் என்று மின்விளக்குப் பொயி ஒரு சோடி இணையத்தில் வாங்கினேன். ஆறு நாளில் ஒன்று எரியவில்லை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று ரசீதில் இருப்பதைக் காட்டி மறுக்கிறார்கள். (வாசகர், சேலம்)

பதில்: அந்த வாசகத்துக்கு அஞ்ச வேண்டாம். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்ன இயல்பு இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், குறைபாடுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. விளக்கு எரியாததைக் காணொளியாக எடுத்து, ரசீதின் நகலோடு தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். நடக்கவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அதற்கும் மேல், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் மனு தரலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. இவையெல்லாம் இந்திய விற்பனையாளரிடம் எளிதில் செல்லுபடியாகும். வெளிநாட்டுத் தளத்தில் நேரடியாக வாங்கியிருந்தால் நடைமுறையில் பணத்தை மீட்பது கடினம். பணம் செலுத்திய வங்கி அட்டையின் மூலம் மறுப்புத் தெரிவிப்பதையே முதலில் முயலுங்கள்.

மாற்றுச் சோடி வந்ததும் மின்கல மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதனுள் பொத்தான் வடிவ லித்தியம் மின்கலம் இருந்தால், அதை விழுங்கிய குழந்தைக்கு உணவுக்குழாய் சில மணி நேரத்திலேயே வெந்துவிடும். மூடி கையால் கழலும் வகையாக இருந்தால், விளக்கு நன்றாக எரிந்தாலும் அதையும் குறைபாடென்றே எழுதித் திருப்பி அனுப்புங்கள்.