புயலுக்கு முன் ‘அவசர இருப்பு’ வையுங்கள் என்கிறார்களே, அது என்ன? எவ்வளவு வேண்டும்?

வெளியுதவி வந்து சேரும்வரை வீடும் தெருவும் தாக்குப்பிடிக்க எடுத்துவைப்பதுதான் அவசர இருப்பு. காரில் இருக்கும் ஸ்டெப்னி மாதிரி: ஊர்வரை போக அல்ல, பஞ்சர் கடைவரை போக.

காரணம் மின்சாரம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டா பக்கம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன; பல கிராமங்களில் வாரக்கணக்கில் இருட்டு. கரண்ட் இல்லையென்றால் மோட்டார் ஓடாது. போர்வெல்லில் தண்ணீர் இருந்தும் குழாயில் சொட்டு வராது. ஏடிஎம், செல்போன் டவர் கதையும் அதேதான்.

அதனால் முதலில் தண்ணீர். குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளைக்கு 3 லிட்டர்; நான்கு பேருக்கு 5 நாளைக்கு 60 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் மூன்று. கழுவ டிரம்மில் தனியாக. சம்ப் மூடி தரைமட்டத்தில் இருந்தால் வெள்ளமும் சாக்கடையும் உள்ளே இறங்கிவிடும். முந்தின நாளே மேல்தொட்டியை நிரப்பிவிடுங்கள். மற்றவை தெரிந்ததே: அவல், பொட்டுக்கடலை, டார்ச், மாத்திரை, சில்லறை நோட்டு.

ஜெனரேட்டர் தெருவுக்கு ஒன்று போதும். 1 எச்பி மோட்டார் ஓடும்போது சுமார் 1 கிலோவாட் எடுக்கும். கிளம்பும்போது 3 மடங்குகூட இழுக்கும். சின்ன ஜெனரேட்டர் அங்கேயே படுத்துவிடும். வெட்டவெளியில் ஓட்டுங்கள், அறைக்குள் அதன் புகை ஆளைக் கொல்லும்.

கொதிக்கவைத்தால் எந்த வெள்ளநீரையும் குடிக்கலாம் என்பது தவறு: கிருமி சாகும், கலந்த டீசலும் பூச்சிமருந்தும் அப்படியே இருக்கும்.