வாசகர் கேள்வி - பதில்: வேப்பெண்ணெய் திரிந்து போவது ஏன்?

கேள்வி: கத்தரியிலும் செம்பருத்தியிலும் மாவுப்பூச்சி. வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து மூன்று முறை அடித்துவிட்டேன். பூச்சி போகவில்லை, கடைசி வரிசைச் செடிகளின் இலைதான் கருகியது. எண்ணெய் கலப்படமா?
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: எண்ணெயைச் சந்தேகிக்கும் முன் தண்ணீரைப் பாருங்கள். நம் கரையோரத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினமுமாக இருக்கும். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பை வெள்ளைத் திப்பியாகத் திரித்துவிடும். பிறகு எண்ணெயைத் தண்ணீரோடு சேர்த்துப் பிடிக்க ஆள் இல்லை. அது மேலே மிதக்கும். தெளிப்பானின் குழாயோ அடியிலிருந்து உறிஞ்சும். முதலில் அடித்த செடிகளுக்கு வெறும் தண்ணீர், கடைசி வரிசைக்கு வெறும் எண்ணெய். கருகியதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஒரு குப்பியில் பாதித் தண்ணீர் விட்டு, சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நிற்காமல் தயிர்போலத் திரிந்தால் அந்தத் தண்ணீர் மருந்துக்கு ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு குடம் பிடித்து மூடி வையுங்கள். இல்லையென்றால் குழாயில் வரும் காவிரித் தண்ணீர் போதும்.

1 லிட்டருக்கு 5 கிராம் காதி சோப்பு, 5 மி.லி. வேப்பெண்ணெய். சோப்பை அரை டம்ளர் வெந்நீரில் கரைத்து, ஆறியதும் எண்ணெயை அதில் விட்டு மோர்போல வெளுக்கும்வரை அடியுங்கள். அதன் பிறகே மீதித் தண்ணீர். துணி துவைக்கும் தூள் வேண்டாம், இலை வெந்துபோகும். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். அடிக்கும்போதும் அடிக்கடி குலுக்குங்கள்.

மாவுப்பூச்சியின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து எளிதில் ஒட்டாது. முதலில் பழைய பல் துலக்கியால் தேய்த்துத் தண்ணீரைப் பீய்ச்சி உதிர்த்துவிடுங்கள். இரண்டு இலையில் சோதித்து ஒரு நாள் பொறுத்து, மாலை 4 மணிக்கு மேல் இலையின் அடிப்பக்கமும் நனைய அடியுங்கள். 7 நாள் இடைவெளியில் மூன்று முறை. எறும்பை விட்டுவைத்தால் இத்தனையும் வீண்: பூச்சி கசியவிடும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. செம்பருத்தித் தண்டில் துணி சுற்றி, துணியின் மேல் கிரீஸ் தடவுங்கள்.

கேள்வி: தொட்டியில் வைத்த மிளகாயில் இலை சுருள்கிறது. புகையிலைக் கஷாயம் அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா?
- வாசகர், கீழக்கரை

பதில்: வேண்டவே வேண்டாம். வீட்டில் காய்ச்சினாலும் நிக்கோட்டின் கொடிய நஞ்சுதான். தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். குழந்தைகள் நடமாடும் மாடியில் அதற்கு இடமில்லை.

இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டால் முரணைச் சிலந்தி என்னும், கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்பூச்சி. இலைப்பேனுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல்: வேப்பங்கொட்டையின் உள்பருப்பு 50 கிராம் எடுத்து இடித்து 1 லிட்டர் நல்ல தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, இரட்டைத் துணியில் வடிகட்டி, சிறிது காதி சோப்பு சேர்த்து மாலையில் அடியுங்கள். பத்து மாதத்துக்கு மேற்பட்ட பழைய கொட்டையில் வீரியம் இருக்காது. சிலந்திக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடித்தால் இலை கருகும்.

கேள்வி: காயப்போட்ட கருவாட்டில் ஈ மொய்த்துப் புழு வைக்கிறது. எதைத் தெளிக்கலாம்?
- வாசகி, பாம்பன்

பதில்: எதையும் தெளிக்கக் கூடாது. கருவாட்டில் இறங்கிய மருந்து, கழுவினாலும் சமைத்தாலும் முழுதாகப் போகாது. ஈ தேடி வருவது ஈரத்தை. பெரிய மீனைப் பிளந்து குடலும் செவுளும் நீக்கி, 4 கிலோவுக்கு 1 கிலோ உப்பு தடவி ஒரு நாள் ஊறவிடுங்கள். மணலில் பரப்பாமல் பரண் கட்டி வலையில் காயவையுங்கள். அடியிலும் காற்றுப் போகும். முதல் நாள்தான் ஈ அதிகம் முட்டையிடும். அன்று மேலே கொசுவலை கட்டாயம், விளிம்பு மீனைத் தொடாமல் தூக்கிக் கட்டுங்கள். தொட்டால் வலைக்கு வெளியே உட்கார்ந்தே ஈ முட்டையிட்டுவிடும். அறுத்த குடலையும் செவுளையும் பரணுக்குப் பக்கத்தில் போடாமல் தள்ளிப்போய் ஆழமாகப் புதையுங்கள்.