டிசம்பரில் முதல்முறையாகச் சென்னை வருகிறேன். கச்சேரி, நாட்டியம், நாடகம் பார்க்க எங்கே போகலாம்?

எல்லோரும் மியூசிக் அகாடமியைத்தான் சொல்வார்கள். 1927 காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டில் பிறந்த யோசனை அது, 1928-ல் அமைப்பானது. ஆனால் மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு.

நானாக இருந்தால் மதியக் கச்சேரிக்குப் போவேன். கச்சேரி நடத்தும் அமைப்புகளான சபாக்கள் பலவற்றில் அனுமதி இலவசம், வளரும் கலைஞர்கள் உயிரைக் கொடுத்துப் பாடுவார்கள். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிக் கூட்டம் கேன்டீனுக்குக் கிளம்பிவிடும். நீங்கள் எழுந்துவிடாதீர்கள், மிருதங்கமும் கடமும் மாறி மாறிப் பேசிக்கொள்வது அப்போதுதான். (போண்டா எங்கேயும் ஓடிவிடாது.)

நாட்டியத்துக்குத் திருவான்மியூர் கலாக்ஷேத்ரா. கேரளக் கோயில்களின் கலை அரங்கான கூத்தம்பலத்தின் சாயலில் அமைந்த அரங்கம், அதற்காகவே போகலாம். நாடகத்துக்கு எழும்பூர் மியூசியம் தியேட்டரில் என்ன நடக்கிறதென்று பாருங்கள். சபா நாடகம்தான் வேண்டுமென்றால் கோடை நாடக விழாவுக்கு, ஏப்ரல் வாக்கில், இன்னொரு முறை வரவேண்டியிருக்கும்.