மெத்தடோன் பக்கத்து மருந்துக்கடையிலேயே கிடைக்கும்போது ஏன் பலர் சிகிச்சையைப் பாதியில் விடுகிறார்கள்?

இங்கிலாந்தில் சின்ன ஊர் ஒன்றில் மருந்தாளுநராக இருக்கிறேன். ஹெராயினை விட முயல்கிறவர்கள், அதற்குப் பதிலாகக் கொடுக்கும் மெத்தடோன் மருந்துக்காகத் தினமும் என் கடைக்கு வருகிறார்கள். "ஏன்டா, போதையை விடுறதுக்குப் போதையையே ஊத்திக் குடுக்கிறியா?" என்று அம்மா போனில் கேட்பார். மெத்தடோன் மெதுவாக ஏறி ஒரு நாள் முழுக்கத் தாங்கும். உடம்பு முறுக்கல், நடுக்கம் இல்லாமல் ஆள் வேலைக்குப் போகலாம். அம்மாவுக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை, அது வேறு கதை.

சரி, கேள்விக்கு வருகிறேன். மருந்து கிடைக்கிறது, ஆனால் அதை வாங்க ஒருவர் படும் பாடு ஆளுக்கு ஆள் வேறு. ஆரம்ப மாதங்களில் பலர் என் கண் முன்னேதான் குடிக்க வேண்டும். பச்சை நிறத் திரவத்தை அளந்து பிளாஸ்டிக் கப்பில் கொடுப்பேன். குடித்ததும் கொஞ்சம் தண்ணீர், அப்புறம் இரண்டு வார்த்தை பேச்சு, விழுங்கிவிட்டாரா என்று தெரிய. மெத்தடோனுக்குப் பதிலாகச் சிலருக்குக் கொடுக்கும் புப்ரினார்பின் மாத்திரை என்றால் இன்னும் சங்கடம். நாக்குக்கு அடியில் கரையச் சில நிமிடம் ஆகும். அதுவரை வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும், பின்னால் இருமல் மருந்துக்கு நிற்பவர் மாத்திரை போட்டவரின் மகனுடைய பள்ளி ஆசிரியராகவும் இருக்கலாம்.

காலை 6 மணிக்குக் கிடங்கு வேலைக்குப் போகிறவருக்கு 9 மணிக்குத் திறக்கும் கடை எதற்கு ஆகும்? கிராமத்திலிருந்து வருகிறவருக்கு தினமும் பஸ் காசு. தொடர்ந்து 3 நாள் தவறினால் நான் கொடுக்காமல் சிகிச்சை மையத்துக்குச் சொல்ல வேண்டும். அதில் நியாயம் உண்டு. உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், பழைய அளவே மூச்சை நிறுத்திவிடலாம். ஆனால் பஸ் காசு இல்லாமல் தவறியவருக்கும் அதே விதிதான்.

வெள்ளிக்கிழமை மாலையை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்கும். சிறையிலிருந்து அன்று விடுதலையான ஒருவர் கையில் துணிப்பையோடு வந்து நின்றார். சிகிச்சை மையத்திலிருந்து வர வேண்டிய நீல நிற மருந்துச் சீட்டு வரவில்லை. போன் செய்தால் பூட்டிவிட்டார்கள். சீட்டு இல்லாமல் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்க முடியாது. திங்கள் வரை அவர் என்ன செய்திருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை. இந்தச் சிக்கலுக்காகவே 2023-இல் சட்டம் வந்தது, இப்படிப்பட்டவர்களை இரண்டு நாள் வரை முன்னதாக விடலாம் என்று.

மாதம் ஒருமுறை போடும் புப்ரினார்பின் ஊசியும் இருக்கிறது. வரிசை இல்லை, கப் இல்லை. ஆனால் விலை அதிகம். இங்கிலாந்தில் 2013-லிருந்து இந்தச் சிகிச்சைக்குப் பணம் ஒதுக்குவது உள்ளாட்சி மன்றங்கள், அதனால் எந்த ஊரில் குடியிருக்கிறோம் என்பதும் ஒரு தகுதியாகிவிடுகிறது. வேல்ஸில் 2020-இல், கொரோனா சமயத்தில், அரசே பணம் கொடுத்து அந்த ஊசியைப் பரவலாக்கியது.

என் கடையில் இப்போது எல்லாருக்கும் உள் அறையில்தான் கொடுக்கிறோம். தடுப்பூசிக்கு வருகிறவர்களும் அதே கதவு வழியாகத்தான் போகிறார்கள், யார் எதற்குப் போகிறார் என்று வெளியே தெரியாது.