முதலில் கெட்டியாக அரையுங்கள், பாலைப் பிறகு ஊற்றுங்கள்

கேள்வி: வீட்டில் நாங்கள் நான்கு பேர். பிள்ளைகளுக்கு வயது 6, 10. வாரத்தில் மூன்று நாள் காலையில் பீனட் பட்டர், வாழைப்பழம் சேர்த்து ஸ்மூத்தி அடிக்கிறேன். ஒரு நாள் பசை மாதிரி இருக்கிறது, இன்னொரு நாள் தண்ணீராக ஓடுகிறது. பீனட் பட்டரில் பாதி பிளேடுக்கு அடியிலேயே ஒட்டிக்கொள்கிறது. என் கணவர் கடைசியாகக் கிளம்புவார். அவருக்கு எடுத்து வைத்த டம்ளர் அதற்குள் பழுப்பாகி இறுகிவிடுகிறது. பெரியவன் குடித்துவிட்டுப் போனாலும் 10 மணிக்கே பசிக்கிறது என்கிறான். இரவே அரைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடலாமா?

பதில்: இரவே அரைத்து வைக்க வேண்டாம். ஆனால் அரைப்பதற்கு முந்தைய வேலைகள் எல்லாவற்றையும் இரவே முடித்துவிடலாம். அப்படிச் செய்தால் காலையில் மிக்ஸி ஓடும் நேரம் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டாது.

ஒரு நாள் கெட்டி, ஒரு நாள் தண்ணீர் என்று மாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் பழத்தை எண்ணிப் போடுவதுதான். தோலுரித்தால் 70 கிராம் தேறும் வாழைப்பழமும் உண்டு, 150 கிராம் தேறும் பழமும் உண்டு. மூன்று பழம் என்று கணக்கு வைத்தால் ஒரு நாளைக்கும் மறுநாளைக்கும் 240 கிராம் வரை வித்தியாசம் வரலாம். பாலின் அளவை மாற்றாமல் இருக்கும்போது ஸ்மூத்தி எப்படி ஒரே மாதிரி வரும்? சமையலறைத் தராசு இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு அதைவிட உதவும் கருவி வேறு இல்லை.

நான்கு பேருக்கு, தலா 250 மி.லி. வருவதற்கு: தோலுரித்த வாழைப்பழம் 320 கிராம், பீனட் பட்டர் 64 கிராம், கொழுப்பு நீக்காத பால் 600 மி.லி., ஓட்ஸ் 30 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. பீனட் பட்டர் 64 கிராம் என்பது தலைதட்டிய 4 டேபிள்ஸ்பூன். குவியலாக எடுத்தால் ஒரு ஸ்பூனிலேயே ஏறக்குறைய இரண்டு ஸ்பூன் வந்துவிடும். அதனால் டப்பாவைத் திறந்து அப்படியே தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு எடுங்கள். எடுக்க எடுக்க மைனஸில் எண் ஏறும். 64 வந்ததும் நிறுத்திவிடலாம். ஸ்பூனில் ஒட்டியது எவ்வளவு, ஜாரில் விழுந்தது எவ்வளவு என்ற குழப்பமும் இருக்காது, ஸ்பூனை வழித்துப் போட்டால் போதும். இந்த அளவில் ஒரு டம்ளரில் சுமார் 290 கலோரியும் 10 கிராமுக்குச் சற்று அதிகமான புரதமும் இருக்கும்.

பழம் மஞ்சளாகி, தோலில் பழுப்புப் புள்ளிகள் விழுந்த பிறகு பயன்படுத்துங்கள். காம்பில் பச்சை இருக்கும்போது பழத்தில் மாவுச்சத்து முழுதாகச் சர்க்கரையாக மாறியிருக்காது, துவர்ப்பும் போயிருக்காது. அந்தப் பழத்தில் அரைத்தால் நாக்கில் சுண்ணாம்பு தடவிய மாதிரி ஒரு வறட்சி நிற்கும். அதை மறைக்கத்தான் பலர் சர்க்கரையும் தேனும் கொட்டுகிறார்கள். நன்றாகக் கனிந்த பழத்துக்கு இனிப்பே தேவையில்லை. உப்புதான் தேவை, அதுவும் உப்பில்லாத பீனட் பட்டராக இருந்தால். ஒரு சிட்டிகை போட்டதும் கடலையின் மணம் எழுந்து நிற்பதை நீங்களே கவனிப்பீர்கள்.

இப்போது அரைக்கும் முறைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் இருக்கும் குறைகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஜாரில் போட்டு, பால் முழுவதையும் ஊற்றி ஓடவிட்டால் பழத்துண்டுகள் பாலில் மிதந்து பிளேடிலிருந்து விலகி விலகிப் போகும். குளிர்ந்த பால் பட்டதும் பீனட் பட்டர் இறுகி, கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பால் நிறைய இருப்பதால் அதை உரசி எடுக்க எதுவும் இருக்காது. கட்டி கரையவில்லையே என்று இன்னும் வேகமாக, இன்னும் நேரமாக ஓட்டுவோம். அப்போது காற்று உள்ளே இழுக்கப்பட்டு மேலே நுரை கட்டும், கட்டி கட்டியாகவே இருக்கும்.

ஆகவே பாலில் 150 மி.லி.யை மட்டும் முதலில் எடுங்கள். ஓட்ஸை அதில் முந்தின இரவே ஊறவைத்து ஃபிரிட்ஜில் வைத்திருங்கள். மறந்துவிட்டால் காலையில் பத்து நிமிடமாவது ஊற வேண்டும், இல்லாவிட்டால் நறநறப்பு போகாது. ஊறிய ஓட்ஸைப் பாலோடு ஜாரின் அடியில் ஊற்றுங்கள். அதன்மேல் வாழைப்பழத் துண்டுகள். பீனட் பட்டரைப் பழத்தின் மேல், நடுவில் வையுங்கள். சுவரில் படக்கூடாது, பிளேடின் மேல் நேராக விழவும் கூடாது. பீனட் பட்டர் அறை வெப்பத்தில் இருந்தால் நல்லது. ஃபிரிட்ஜில் வைத்திருப்பவர்கள் அன்றைய அளவை இரவே ஒரு கிண்ணத்தில் எடுத்து, மூடி வெளியே வைத்துவிடலாம்.

பல்ஸில் ஐந்தாறு முறை விட்டுவிட்டு ஓட்டுங்கள். பிறகு நடுத்தர வேகத்தில் 30 முதல் 40 விநாடி. நிறுத்தி, மூடியைத் திறந்து, சுவரில் ஏறியதை வழித்துவிட்டு இன்னும் பத்து விநாடி. இப்போது கரண்டியால் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். விழுது அறுபடாமல் நாடா போல மடிந்து விழ வேண்டும். பழுப்புத் திட்டு எதுவும் தெரியக்கூடாது. தெரிந்தால் பீனட் பட்டர் இன்னும் கலக்கவில்லை என்று பொருள், பாலை ஊற்றிய பிறகு அது கலக்கவே கலக்காது. விழுது சரியாக வந்ததும் மீதி 450 மி.லி. பாலை ஊற்றி, இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் 10 முதல் 15 விநாடி ஓட்டினால் போதும். அதற்குமேல் ஓட்டினால் நுரைதான் கூடும்.

உயரமான பிளெண்டர் ஜார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: அடிப்பகுதி குறுகலாக இருப்பதால் விழுது சிலசமயம் நடுவில் குழி விழுந்து, பிளேடு வெறுமனே சுற்றும். அப்போது 50 மி.லி. பால் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்த அளவில் அதைக் கழித்துவிடலாம். எந்த ஜாரானாலும் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் நிரப்பாதீர்கள். ஒன்றரை லிட்டர் ஜாரில் இந்த அளவு சரியாக அடங்கும். சிறிய ஜாராக இருந்தால் விழுதை மட்டும் அதில் அரைத்து, பாலை ஒரு பாத்திரத்தில் ஊற்றிக் கம்பிக் கரண்டியால் அடித்துக் கலந்தாலும் நன்றாகவே வரும்.

சில்லென்று வேண்டுமென்றால் ஐஸ்கட்டி போடாதீர்கள். அது கரைந்து ஸ்மூத்தியைத் தண்ணீராக்கும். நீங்கள் சொல்லும் தண்ணீர் நாட்களில் ஐஸ் போட்டிருந்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். அதற்குப் பதில் பழத்தில் பாதியை உறையவையுங்கள். தோலை உரித்துவிட்டு 2 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, ஒரு தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீஸரில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து, கல்லான பிறகு டப்பாவில் போட்டு மூடுங்கள். இரண்டு மாதம் வரை நன்றாக இருக்கும். தோலோடு வைத்தால் தோல் கறுத்து, உரிக்க வராமல் கையைச் சோதிக்கும். உறைந்த துண்டுகளை அரைப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். நேராகப் போட்டால் சாதாரண மிக்ஸியின் மோட்டார் திணறும். ஓடிக்கொண்டிருந்தது திடீரென நின்றுவிட்டால் பதற வேண்டாம். பல மிக்ஸிகளில் அதிகச் சுமை வந்தால் தானாக நிற்கும் ஏற்பாடு உண்டு. பிளக்கைக் கழற்றி, சில நிமிடம் ஆறவிட்டு, மிக்ஸிக்கு அடியில் இருக்கும் சிறிய பொத்தானை அழுத்தினால் திரும்ப ஓடும்.

உங்கள் கணவரின் டம்ளருக்கு இந்த முறையிலேயே வழி இருக்கிறது. அரைத்த வாழைப்பழம் காற்றுப்பட்டதும் அதிலுள்ள ஒரு நொதி வேலையைத் தொடங்கி நிறத்தைப் பழுப்பாக்கும். ஓட்ஸோ பாலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அதனால் இறுகும். இரவே அரைத்து வைக்க வேண்டாம் என்று சொன்னதும் இதனால்தான். நீங்கள் செய்ய வேண்டியது, மீதிப் பாலை ஊற்றுவதற்கு முன்பே அவருடைய பங்கு விழுதைத் தனியாக எடுத்துவிடுவது. நால்வருக்கான விழுதில் கால் பங்கு சுமார் 140 கிராம். ஒரு சின்னப் பாட்டிலில் விழுதைப் போட்டு, மேலே ஒரு மடக்குப் பாலை மெல்ல ஊற்றிக் காற்றுப் படாமல் மறைத்து, மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். கிளம்பும்போது பாலின் அளவு மொத்தம் 110 மி.லி. ஆகும்படி சேர்த்து மூடிக் குலுக்கினால் அப்போதுதான் அடித்தது போல இருக்கும். நிறம் இன்னும் உறுத்தினால் விழுதில் அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேர்க்கலாம். அதற்குமேல் போனால் பால் திரியும். எப்படி வைத்தாலும் அன்றே குடித்துவிட வேண்டும். பால் கலந்த ஸ்மூத்தி ஃபிரிட்ஜுக்கு வெளியே 2 மணி நேரத்துக்குமேல் இருக்கக்கூடாது, வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் 1 மணி நேரம்தான்.

பெரியவனின் பசிக்கு வருவோம். 10 வயதுப் பையனுக்கு 250 மி.லி. ஸ்மூத்தி மட்டும் ஒரு காலைச் சாப்பாடு ஆகாது. மென்று தின்னாமல் சில மடக்கில் இறங்கிவிடுவதும் பசி சீக்கிரம் திரும்ப ஒரு காரணம். இன்னும் ஒரு பழத்தைச் சேர்ப்பது இதற்கு மருந்தல்ல. அது இனிப்பைத்தான் கூட்டும். பீனட் பட்டரை 6 டேபிள்ஸ்பூன் வரை கொண்டுபோகலாம், ஒவ்வொரு ஸ்பூனுக்கும் ஏறக்குறைய 95 கலோரியும் 4 கிராம் புரதமும் கூடும். ஆறுக்குமேல் போனால் வாழைப்பழத்தின் சுவையே தெரியாது, வாயும் திகட்டும். 100 மி.லி. பாலுக்குப் பதில் 100 கிராம் கெட்டித் தயிர் சேர்ப்பது இன்னொரு வழி. ஆனால் இவை எல்லாவற்றையும்விட, கூடவே மென்று தின்ன ஒரு அவித்த முட்டையோ ஒரு துண்டு ரொட்டியோ வைத்துவிடுங்கள்.

பீனட் பட்டர் வாங்கும்போது, கடலையும் உப்பும் மட்டும் சேர்ந்ததாகப் பாருங்கள். அதில் எண்ணெய் பிரிந்து மேலே நிற்பது இயல்புதான், கெட்டுப்போனதற்கு அடையாளமல்ல. அந்த எண்ணெயை வடித்துக் கொட்டிவிடாதீர்கள். கொட்டினால் அடியில் இருப்பது வறண்டு, எவ்வளவு அரைத்தாலும் ஸ்மூத்தியில் துகள் துகளாக நிற்கும். புது டப்பாவைத் திறந்ததும் அடிவரை கிளறிவிடுங்கள். திறக்காத டப்பாவை ஒரு நாள் தலைகீழாக வைத்திருந்தால் கிளறுவது எளிது. கசப்போ, பழைய பெயின்ட் வாடையோ அடித்தால் எண்ணெய் சிக்குப் பிடித்துவிட்டது, அதைப் பயன்படுத்தாதீர்கள். வீட்டிலேயே அரைப்பவர்கள் பூஞ்சை பிடித்த, சுருங்கிய, நிறம் மாறிய கடலையை வறுப்பதற்கு முன்பே பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அவற்றிலுள்ள நச்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. அரைக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்கக் கூடாது.

வேறு பழம் சேர்க்க ஆசை வந்தால் அன்னாசி, கிவி, பப்பாளி மூன்றையும் வேகவைக்காமல் பாலில் போட வேண்டாம். அவற்றின் நொதி பால் புரதத்தை உடைத்து, சிறிது நேரத்திலேயே கசக்க வைக்கும்.

உங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே நிலக்கடலை சாப்பிட்டுப் பழகியவர்கள். ஆனால் விருந்துக்கு வரும் குழந்தைக்கு இதைக் கொடுப்பதற்கு முன் கடலை ஒவ்வாமை உண்டா என்று பெற்றோரிடம் கட்டாயம் கேளுங்கள். குடித்த சில நிமிடங்களிலிருந்து 2 மணி நேரத்துக்குள் உதடு வீங்குதல், தடிப்பு, வாந்தி தோன்றினால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மூச்சுத்திணறினால் தாமதிக்காமல் அவசர உதவியைக் கூப்பிடுங்கள். ஒவ்வாமை உள்ள குழந்தைக்குக் கடலை சேர்க்காமல் அடித்துக் கொடுப்பதானாலும் இதே ஜாரில் அடிக்காதீர்கள். மேலோட்டமாகக் கழுவிய ஜாரில் கடலையின் மிச்சம் இருக்கக்கூடும்.

ஜாரைக் காயவிடாமல் அப்போதே கழுவிவிடுங்கள். கால் பங்கு வெதுவெதுப்பான நீரும் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் ஊற்றி, மூடி, 20 விநாடி ஓட்டினால் பிளேடுக்கு அடியில் இருப்பது கழன்றுவரும். கொதிநீர் வேண்டாம், மூடிய ஜாரில் ஆவி அழுத்தி மூடியைத் தூக்கிவிடும். மூடியின் ரப்பர் வளையத்தை மட்டும் வாரம் ஒருமுறையாவது கழற்றிக் கழுவுங்கள். கடலை எண்ணெய் அதற்குள் புகுந்து நாற்றமெடுத்தால், அன்றைய ஸ்மூத்தி எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் டம்ளரில் அந்த வாடைதான் முதலில் தெரியும்.