கிளாரினெட் கேள்வி பதில்: முதலில் ரீடைக் கழற்றுங்கள்

பினாங்குப் பள்ளி பேண்டுகளில் இருபது வருடத்துக்கு மேல் கிளாரினெட் சொல்லிக்கொடுத்தவன் என்பதால், பெற்றோர் குழுவில் ஒரு ஞாயிறு மாலை என்னை உட்கார வைத்தார்கள். தொடங்கும் முன் ஒன்று: வாசித்து முடித்ததும் ரீடை, அதாவது ஊதும்போது அதிரும் நாணல் பட்டையை, கழற்றித் துடைத்து வையுங்கள். இந்த ஊர் ஈரத்தில், வாய் வைக்கும் முனையான மௌத்பீஸிலேயே விட்டால் பூஞ்சை பிடிக்கும்.

பட்டர்வொர்த் அம்மா ஒருவர்: மகன் பேண்டில் சேர்ந்து மூன்று வாரம். ஊதினாலே கீச்சென்று கத்துகிறது. கோளாறு கருவியிலா, பிள்ளையிலா?

பெரும்பாலும் இரண்டிலும் இல்லைம்மா. முழுக் கருவியையும் பூட்டாதீர்கள். மௌத்பீஸ், அதற்கு அடுத்த குட்டிக் குழாயான பேரல், இந்த இரண்டை மட்டும் சேர்த்து ஊதச் சொல்லுங்கள். போனில் டியூனர் இருந்தால் எஃப் ஷார்ப் காட்ட வேண்டும், சி-யை ஒரு கட்டை, டி-யை இரண்டு கட்டை என்று எண்ணும் நம் சுருதிக் கணக்கில் நாலரைக் கட்டை. அதற்குக் கீழே தொங்கினால் உதடு தளர்ந்திருக்கிறது. மேலே ஏறினால் கடிக்கிறான்.

அப்புறம் ஒரு துண்டு காகிதத்தை ரீடுக்கும் மௌத்பீஸுக்கும் நடுவே மெல்ல இறக்குங்கள். ஓர் இடத்தில் நின்றுவிடும். அங்கே ரீடின் ஓரத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். கீழுதடு அந்தக் கோட்டுக்கு நேரே வர வேண்டும். நுனியை மட்டும் கவ்வினால் சத்தம் மூச்சுமுட்டும், கோட்டைத் தாண்டி விழுங்கினால் கீச். மேற்பல் மௌத்பீஸின் மேல் உட்காரட்டும், கீழுதடு கீழ்ப்பல்லின் மேல் மெத்தை போல மடியட்டும். கன்னம் உப்பக் கூடாது.

அதுவும் சரியாக இருந்தால் விரல்தான். துளையை விரல் நுனியால் மூடுகிறானா, சதைப்பற்றால் மூடுகிறானா? வாசித்து முடித்ததும் கையைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு விரலிலும் வட்டத் தடம் முழுசாக இருக்க வேண்டும். பாதி வட்டம் என்றால் அங்கேதான் காற்று ஒழுகுகிறது.

ரீட் எத்தனையாம் நம்பர்? 3 வாங்கினால் சீக்கிரம் தேறலாம் என்கிறார்களே?

2, அல்லது 2½. கனமான ரீட் தேர்ச்சி தராது, வாய்வலிதான் தரும்.

மகளுக்கு எட்டு வயது, முன்பல் விழுந்திருக்கிறது.

பல் முளைக்கட்டும். விரலும் துளையை மூடும் அளவுக்கு வளரட்டும். அதுவரை ரெக்கார்டர் வாசிக்கட்டும்.

எந்தக் கருவி வாங்கலாம்? மரமா, பிளாஸ்டிக்கா?

பிளாஸ்டிக். யமஹா 255 ஆரம்பத்துக்குப் போதும். மரக் கருவி ஏர்கான் அறைக்கும் வெளி வெயிலுக்கும் அலைந்தால் வெடிக்கக்கூடும். பிளாஸ்டிக்கையும் காரில் விடாதீர்கள். ஒரு தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலில் என் கருவியைக் கார் பூட்டில் விட்டுவிட்டு மலையேறினேன். திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால் பசை இளகி, துளை மூடும் மெத்தைகளான பேடுகள் நான்கு தனியே உருண்டு கிடந்தன.

சாக்ஸபோன் எப்படிப் பழகுவது?

சாக்ஸ்காரரைக் கேளுங்கள்.

ஆயர் ஈத்தாம் தம்பி ஒருவர்: பஜனையில் ஹார்மோனியத்தோடு வாசித்தேன். நான் சி வாசித்தால் ஹார்மோனியத்தின் சி-யோடு ஒட்டவே இல்லை. பழுதான கருவியைத் தலையில் கட்டிவிட்டார்களா?

இல்லை தம்பி, உங்களுடையது பி ஃபிளாட் கிளாரினெட். நீங்கள் சி என்று வாசிப்பது ஆறரைக் கட்டையில்தான் ஒலிக்கும். எதை வாசித்தாலும் ஒரு முழுச் சுரம் கீழே. ஹார்மோனியம் இரண்டு கட்டை என்றால் நீங்கள் ஈ-யை ஸட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை என்றால் டி ஷார்ப். அது ஆரம்பக்காரருக்குத் தொல்லை, பாடுபவரிடம் கெஞ்சி இரண்டுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

அதே தம்பி: அப்புறம் எதற்கு சி என்று பெயர்?

ஏ கிளாரினெட், பி ஃபிளாட் கிளாரினெட் என்று அளவு மாறினாலும் விரல் மாறாமல் இருக்கத்தான்.

நாயனம் வாசிக்கும் அண்ணன் ஒருவர்: தம்பி, சாவி போட்ட கருவியில் சுரத்தை அசைத்து வழுக்கும் கமகம் வருமா? பேண்டுக்குச் சரி, ராகத்துக்கு வேண்டாம்.

அண்ணே, சதிராட்டத்துக்கு வாசிக்கும் சின்னமேளத்தில் கிளாரினெட் சேர்ந்தது 19ஆம் நூற்றாண்டிலேயே. அதையே கச்சேரி மேடையில் வாசித்த திருச்சி ஏ.கே.சி. நடராஜனுக்கு 2008இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

அண்ணன்: பட்டம் கிடக்கட்டும். விரல் வழுக்குமா, வழுக்காதா?

வழுக்கும். மேலே மூன்று, கீழே மூன்று விரல் வைக்கும் இடமெல்லாம் திறந்த துளைதான். சுற்றி வளையம் இருக்கிறதே தவிர மூடி இல்லை. விரலைச் சாய்த்துக்கொண்டே எடுத்தால் ஜாரு, அதாவது சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கல், வரும். உதட்டைத் தளர்த்தினால் சுரம் இறங்கும். நடுவில் ஜி ஷார்ப், ஏ, பி ஃபிளாட் மூன்றும் சாவி, அங்கே உதடு மட்டும்தான் துணை. இரண்டு கட்டையில் மோகனம் வாசித்தால் காந்தாரம் சரியாக அந்த ஜி ஷார்ப்பில் வந்து விழும். ஒரு ஸ்தாயி கீழே இறங்கி வாசித்தால் தப்பிக்கலாம். இதில் உங்கள் கட்சிக்கு நான் பாதி ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்றும் தருகிறேன். உங்கள் நாயனம் கூம்பு, அழுத்தி ஊதினால் அதே விரலில் மேல் ஸட்ஜம். கிளாரினெட்டின் உடல் பெரும்பாலும் நேர்க்குழாய், ஒரு முனை மூடியது போல நடந்துகொள்ளும். கட்டைவிரல் சாவியைத் தொட்டால் ஸட்ஜம் நேரே மேல்ஸ்தாயிப் பஞ்சமத்துக்குத் தாவும். அதனால் மேலே வேறு விரல், கீழே வேறு விரல். ராகம் பழகுகிறவனுக்கு இதுதான் உண்மையான தலைவலி, கமகம் அல்ல.

யமஹா வாங்கலாமா?

மேலே பாருங்கள்.

வாசிக்காத நேரத்தில் ரீட் கருவியிலேயே இருக்கலாமா?

முதல் பத்தி.

கிளாரினெட்டில் எந்த மாடல்...

மேலே!

அண்ணன்: கோபப்படாதே. வருகிற தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு வா, என் பக்கத்தில் உட்கார்ந்து மோகனம் வாசித்துக் காட்டு.

வருகிறேன் அண்ணே, பெட்டி தோளிலேயே இருக்கும். உங்கள் நாயனம் இரண்டு கட்டையா, இரண்டரையா? அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.