முதலில் எக்ஸ்ரே, பிறகு படிவம்

கேள்வி: என் மாமனாருக்கு 69 வயது. 1976-லிருந்து 1984 வரை டர்பன் சாலிஸ்பரி தீவில் தென்னாப்பிரிக்கக் கடற்படையின் இந்தியர் பிரிவில் இருந்தவர். கப்பல் என்ஜின் அறையில் வேலை. ஒரு வருடமாக வறட்டு இருமல், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கிளினிக்கில் ஆஸ்துமா என்று பம்ப் கொடுத்தார்கள். ஆறு வாரமாக மூச்சு இன்னும் மோசம். வலது பக்கம் பாரமாக இருக்கிறது என்கிறார், பெல்ட்டும் இரண்டு ஓட்டை உள்ளே போய்விட்டது. எங்கள் வீட்டுக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ்தான். இன்டர்நெட்டில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. பக்கத்து வீட்டார் கொடுத்த பிரெட்னிசோன் மாத்திரையை ஐந்து நாள் போட்டார். நான் இஞ்சி, மஞ்சள் கஷாயம் வைத்துக் கொடுக்கிறேன். பேரனை அவர் பக்கத்தில் விடலாமா? முன்னாள் படைவீரர் உதவிக்கு எழுதலாம் என்றால், "முப்பது வருஷம் சிகரெட் குடிச்சவன், எந்த மூஞ்சியோட கேக்கறது? விட்டுப் பத்து வருஷம்தான் ஆச்சு" என்கிறார். ஆஸ்பத்திரிக்கும் வர மறுக்கிறார்.
— ஒரு மருமகள், சாட்ஸ்வொர்த்

பதில்:

ஆஸ்பெஸ்டாசுக்குப் பயந்து எழுதிவிட்டு, போகிற போக்கில் வலது பக்கப் பாரம் என்று ஒரு வரி வைத்திருக்கிறீர்கள். எனக்குக் கவலை அந்த வரிதான். ஒரு வருடமாக மெல்ல மெல்லக் கூடிய மூச்சிரைப்பு இன்னும் இரண்டு வாரம் பொறுக்கும். ஒரே பக்கம் பாரம், ஆறு வாரத்தில் மளமளவென்று மோசமான மூச்சு, காரணமில்லாமல் இளைக்கும் உடம்பு என்று மூன்றும் சேர்ந்துவிட்டால் பொறுக்காது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம். இந்த வாரத்துக்குள் அவரை ஆர். கே. கான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் நெஞ்சு எக்ஸ்ரே எடுங்கள். அதற்குள் உதடு நீலம் பாய்ந்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் திணறினாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ வாரக் கணக்கெல்லாம் கிடையாது. உடனே 10177-க்கு போன் செய்து ஆம்புலன்ஸை அழையுங்கள்.

அங்கே என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் மாமாவின் பயம் பாதி குறையும். டாக்டர் அவர் முதுகில் ஒரு கை விரலை வைத்து, மறு கை விரலால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வருவார். நீர் இருக்கும் இடம் வந்ததும், கல்லைத் தட்டினாற்போல ஒலி செத்துவிடும். அங்கே ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் மூச்சுச் சத்தம் கேட்காது. எக்ஸ்ரேயிலும் நீர் தெரிந்தால், விலா இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய ஊசியால் கொஞ்சம் நீரை இழுப்பார்கள். வைக்கோல் நிறத்திலும் வரும், ரத்தம் கலந்தும் வரும். அதைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். நிறைய நீர் இருந்து வடித்துவிட்டால், அன்றைக்கே மூச்சு லேசாகிவிட்டது என்று சொல்பவர்கள் பலர்.

நீர் என்றாலே புற்றுநோய் இல்லை. நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் ஒரு பக்கம் நீர் கோத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காசநோயை. அதற்கு ஆறு மாத மாத்திரை உண்டு, குணமாகும், அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். இதயம் பலவீனப்பட்டாலும் நீர் கோக்கும். ஆஸ்பெஸ்டாஸ் தூசில் வேலை பார்த்தவர்களுக்குப் புற்று எதுவும் இல்லாமலே நீர் கோப்பதும் உண்டு. நீங்கள் இன்டர்நெட்டில் படித்த மீசோதீலியோமா என்ற நுரையீரல் உறைப் புற்றும் அந்த வரிசையில் ஒன்றுதான். அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆஸ்பெஸ்டாசுக்கும் அதற்கும் உள்ள தொடர்பை 1960-ல் உலகுக்குச் சொன்னவர்களே இந்த நாட்டு மருத்துவர்கள்தான். கிறிஸ்டோபர் வாக்னரும் அவருடைய சகாக்களும், பெரும்பாலும் நீல ஆஸ்பெஸ்டாஸ் வெட்டிய வடமேற்குக் கேப் பகுதியைச் சேர்ந்த 33 நோயாளிகளை வைத்து அதை எழுதினார்கள். ஆனால் ஆஸ்பெஸ்டாசோடு புழங்கியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்த நோய் வருவதே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு போனைத் தடவிக்கொண்டிருந்தால் இந்த வாக்கியம் உங்கள் கண்ணில் படாது. தயவுசெய்து தேடுவதை நிறுத்துங்கள். உங்களுக்கு வேண்டிய விடை ஒரு எக்ஸ்ரேயில் இருக்கிறது.

பிரெட்னிசோன் விஷயத்தில் எனக்குக் கோபம்தான். அது ஸ்டீராய்டு. நாலு நாள் தெம்பு கொடுக்கும், பசி எடுக்கும், நோய் ஒளிந்துகொள்ளும். உள்ளே காசநோய் இருந்தால் அதற்குத் தீனி போட்டதாகிவிடும். சர்க்கரை இருந்தால் அதுவும் எகிறும். ஐந்து நாளோடு விட்டது நல்லது, இனி தொட வேண்டாம். எத்தனை மாத்திரை போட்டார் என்பதை மட்டும் ஆஸ்பத்திரியில் மறக்காமல் சொல்லுங்கள். (மாதக்கணக்கில் போட்டு வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து.) கஷாயம் கொடுங்கள், தொண்டைக்கு இதமாக இருக்கும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

இனி வருவதை மாமாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஐயா, சிகரெட் குடித்தவனுக்கு வாய் திறக்க உரிமை இல்லை என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். மருத்துவம் அப்படிச் சொல்லவில்லை. ஆஸ்பெஸ்டோசிஸ் என்ற நுரையீரல் தழும்பு நோய் சிகரெட்டால் வருவதில்லை. நுரையீரல் உறையில் படியும் திட்டுகளும் சிகரெட்டால் வருவதில்லை. மீசோதீலியோமாவுக்கும் சிகரெட்டுக்கும் சம்பந்தமே இல்லை. மூச்சுக்குழல் அடைப்பும் நுரையீரல் புற்றும்தான் சிகரெட்டின் வேலை. ஆஸ்பெஸ்டாசும் சிகரெட்டும் ஒரே நெஞ்சில் சேர்ந்தால், இரண்டின் ஆபத்தையும் கூட்டினால் வருவதைவிட அதிகமாகவே நுரையீரல் புற்றின் ஆபத்து ஏறும். நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போக அது ஒரு காரணமே தவிர, வீட்டில் இருக்கக் காரணம் ஆகாது. அந்தக் காலத்துக் கப்பல்களில் நீராவிக் குழாய்க்கும் கொதிகலனுக்கும் சுற்றியிருந்த வெள்ளை உறை ஆஸ்பெஸ்டாஸ். பழுது பார்க்கும்போது அதைப் பிய்த்தால் தூசு எப்படிப் பறக்கும் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் அதற்குள் நின்றவர். அந்தத் தூசு 20, 30, 40 வருடம், சில சமயம் அதற்கும் மேல் கழித்துத்தான் நோயாகத் தலைகாட்டும். உங்கள் கப்பல் காலம் அந்தக் கணக்குக்குள் வருகிறது. பத்து வருடம் முன்னால் சிகரெட்டை விட்டது சின்னக் காரியமும் அல்ல.

எனவே டாக்டரிடம் இரண்டையும் சொல்லுங்கள். எத்தனை வருடம் சிகரெட், நாளுக்கு எத்தனை, எப்போது விட்டீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். பிறகு, இந்தியர் பிரிவின் பயிற்சித் தளமான ஜல்சேனாவில் பயிற்சி முடித்து எந்தக் கப்பலில் எந்த வருடம் இருந்தீர்கள், கொதிகலன் அறையா என்ஜின் அறையா, உறையைக் கையால் பிய்த்தீர்களா, மூக்குக்கு எதுவும் கட்டினீர்களா என்பதையும் சொல்லுங்கள். நான் பார்க்கும் நோயாளிகள் சிகரெட்டை உடனே ஒத்துக்கொள்வார்கள், வேலையைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள்.

திரும்பவும் மருமகளுக்கு. 68 வயதில் புதிதாக ஆரம்பித்த வறட்டு இருமலுக்கு, ஊதிப் பார்க்கும் பரிசோதனைகூடச் செய்யாமல் ஆஸ்துமா என்று அட்டையில் எழுதியிருந்தால் அதை நான் ஏற்க மாட்டேன். ஸ்பைரோமெட்ரி என்ற அந்தப் பரிசோதனை வேண்டும். நுரையீரல் ரத்தத்துக்கு எவ்வளவு காற்றைக் கடத்துகிறது என்ற அளவும், நுண் சி.டி. ஸ்கேனும் வேண்டும். முதுகின் அடிப்பக்கத்தில் மூச்சை இழுக்கும்போது மெல்லிய நொறுநொறு ஒலி கேட்கிறதா, விரல் நுனி உருண்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் நுரையீரல் பிரிவுக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். தழும்பு நோய்தான் என்றால் தழும்பைக் கரைக்க மருந்து கிடையாது. பம்ப் அதற்கு உதவாது. சிலருக்கு அது பரவும் வேகத்தைக் குறைக்க மருந்து இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் வீட்டிலேயே ஆக்சிஜன், வருடாவருடம் ஃப்ளூ ஊசி, நிமோனியா தடுப்பூசி, மூச்சுப் பயிற்சியோடு நடை. இவை நாட்களைச் சுலபமாக்கும்.

படிவ விஷயத்தில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து நிறவெறி அரசின் படையில் சேர்ந்தவர்கள் என்று நம் சமூகத்தில் இவர்களைப் பேசிய பேச்சு எனக்கும் தெரியும். மாமாவின் கூச்சத்தில் அதற்கும் பங்கு இருக்கலாம். 2011-ஆம் ஆண்டின் முன்னாள் படைவீரர் சட்டம் அந்த வித்தியாசம் பார்ப்பதில்லை. 1960 முதல் 1994 வரை எந்தப் பக்கத்துப் படையில் இருந்தவரும், அவமரியாதையாக நீக்கப்படாதவரை, அதன் கீழ் வருவார். படைச் சேவையால் வந்த ஊனத்துக்கும் உயிர்க்கொல்லி நோய்க்கும் இழப்பீடு, மருத்துவ உதவி இரண்டும் அந்தச் சட்டத்தில் இருக்கின்றன. சில சலுகைகளுக்கு வருமானமும் பார்ப்பார்கள். முன்னாள் படைவீரர் துறையின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று கேட்பது முதல் வேலை. அடையாள அட்டை, படை எண், டிஸ்சார்ஜ் சான்றிதழ் மூன்றையும் தேடி எடுங்கள். இது தவிர, ஊனத்தைச் சதவீதமாக அளந்து பணம் தரும் 1976-ன் ராணுவ ஓய்வூதியச் சட்டம் ஒன்று, வேலையில் வரும் காயத்துக்கும் நோய்க்கும் இழப்பீடு தரும் கோய்டா சட்டம் ஒன்று. அவருக்கு எது பொருந்தும் என்பதை அவருடைய சேவைப் பதிவுதான் சொல்லும். அரசின் சமூக உதவி நிறுவனமான சாசா தரும் போர்வீரர் மானியம் இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் போனவர்களுக்கு. ட்சியாமிசோ அறக்கட்டளை தரும் நுரையீரல் நோய் இழப்பீடு தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு. அந்த வரிசைகளில் அவரை நிறுத்த வேண்டாம். வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடு என்று எவராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நோயின் பெயர் உறுதியாகாமல் எந்தப் படிவமும் நகராது. "மூச்சுத் திணறல்" என்று மட்டும் எழுதிய டாக்டர் கடிதம் பயன்படாது. "ஆஸ்துமா" என்று எழுதியது கெடுதலே செய்யும். நோயின் பெயர், அது உறுதியான தேதி, கப்பல் வேலையின் வருடங்கள், ஸ்பைரோமெட்ரி எண்கள், ஸ்கேன் முடிவு, "இந்த வேலையால் வந்திருக்கக்கூடியது" என்ற டாக்டரின் கருத்து எல்லாம் ஒரே கடிதத்தில் வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு தாமதிக்காதீர்கள், காலக்கெடு உண்டு.

கூரையை விட்டுவிடுங்கள். உடையாமல் இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் கூரை அவரை இப்படி ஆக்கவில்லை. துளை போடாமல், சுரண்டாமல், பிரஷர் தண்ணீர் அடித்துக் கழுவாமல் இருந்தால் போதும். 2008-ல் தடை வந்தபோதுகூட, இருக்கிற கூரையைப் பிரித்துப் போடச் சொல்லவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. ஆனாலும் சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை என்று தெரியும்வரை பேரன் வேறு அறையில் படுக்கட்டும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

எக்ஸ்ரே முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். என் பதில் வரட்டும் என்று அங்கே சொல்லும் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.